45-35 என்று ஜெயித்தும் டெக்சஸ் ஏன் போகவில்லை? டிவிஷன் டைபிரேக்கர் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகன் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். அங்கே இன்னமும் 2008-இன் அமெரிக்கன் ஃபுட்பால் சீசனைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வருடம் டெக்சஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று ஜெயித்தது, இரண்டு அணிக்கும் வெற்றி தோல்விக் கணக்கு ஒன்றுதான், ஆனாலும் டிவிஷன் சார்பில் இறுதிப் போட்டிக்குப் போனது ஓக்லஹோமா. இது எப்படி, யார் எடுத்த முடிவு என்று கேட்டிருக்கிறீர்கள். நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்தவன் ஏன் மேலே இல்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நான் படித்தது புள்ளியியல். டல்லாஸ் பக்கம் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. இங்குள்ள உள்ளூர் கிரிக்கெட் லீக்குகளுக்குச் சமநிலை விதிகளை, அதாவது சமமாக நிற்கும் அணிகளில் யார் மேலே என்று முடிவு செய்யும் டைபிரேக்கர்களை, எழுதித் தரும் வேலையும் ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தை விதி எழுதுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. காலேஜ் ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் நூற்றுக்கும் அதிகமான அணிகள் உண்டு, ஒரு அணி ஆடுவதோ வழக்கமாக 12 ஆட்டம். எல்லோரும் எல்லோருடனும் ஆட வழியே இல்லை. அதனால் அணிகள் கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்திருக்கின்றன. 12 அணிகள் உள்ள கான்ஃபரன்ஸ் ஆறு ஆறாக இரண்டு டிவிஷன்களாகப் பிரிந்து, ஒவ்வொரு டிவிஷனிலும் முதலில் வரும் அணி கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் மோதும். எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸ் 1992-இல் தொடங்கிவைத்த முறை இது, பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் இருந்த பிக் 12 கான்ஃபரன்ஸிலும் இதேதான்: வடக்கு, தெற்கு என்று இரண்டு. ஒவ்வொரு அணிக்கும் தன் டிவிஷனுக்குள் ஐந்து ஆட்டம், எதிர் டிவிஷனோடு மூன்று ஆட்டம், ஆக எட்டு. 1996-இலிருந்து கூடுதல் நேரம் வந்துவிட்டதால் எந்த ஆட்டமும் டிராவில் முடிவதில்லை. எட்டே ஆட்டம், அதிலும் வெற்றி அல்லது தோல்வி மட்டும் என்றால் புள்ளிப் பட்டியலில் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் நிற்பது சாதாரணமாக நடக்கும்.

இரண்டு அணிகள் மட்டும் சமமாக நின்றால் சிக்கலே இல்லை, நீங்கள் நினைப்பதுதான் விதி. அவர்கள் மோதிய ஆட்டத்தில் ஜெயித்தவர் மேலே போவார். அதே 2008-இல் வடக்கு டிவிஷனில் மிசூரியும் நெப்ராஸ்காவும் 5-3 (ஐந்து வெற்றி, மூன்று தோல்வி) என்று சமமாக முடித்தன. மிசூரி அக்டோபரில் நெப்ராஸ்காவை அவர்கள் ஊரிலேயே 52-17 என்று அடித்திருந்தது. மிசூரி இறுதிப் போட்டிக்குப் போனது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

தெற்கில் சமமாக நின்றது டெக்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ் டெக் என்று மூன்று அணிகள். இதை மறந்துவிட்டு 45-35 பற்றிப் பேசுவதால்தான் பாதி குழப்பம் வருகிறது. அக்டோபர் 11-ஆம் தேதி டல்லாஸில், இருவருக்கும் பொதுவான மைதானத்தில், டெக்சஸ் ஓக்லஹோமாவை ஜெயித்தது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 1 அன்று, டெக்சஸ் லபக் நகருக்குப் போய் டெக்சஸ் டெக்குடன் ஆடியது. ஆட்டம் முடியச் சில நொடிகளே பாக்கி, டெக்சஸ் 33-32 என்று முன்னிலையில் இருக்கிறது. டெக் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) கிரஹாம் ஹாரல் வலது ஓரமாகப் பந்தை எறிகிறார். மைக்கேல் க்ராப்ட்ரீ எல்லைக் கோட்டை ஒட்டியே அதைப் பிடிக்கிறார். டெக்சஸ் வீரர் ஒருவர் அவரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறார். தள்ளியிருந்தால்கூட டெக்குக்கு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடிக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். க்ராப்ட்ரீ உதறிவிட்டு, கோட்டைத் தொடாமல், புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனுக்குள் நுழைந்துவிடுகிறார். 39-33, கடிகாரத்தில் மிச்சம் ஒரு நொடி. பிறகு நவம்பர் 22 அன்று அதே டெக்சஸ் டெக், ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில் 65-21 என்று நொறுங்கியது. மூவரும் மற்ற எல்லா ஆட்டங்களிலும் ஜெயித்தார்கள். மூவருக்கும் கான்ஃபரன்ஸில் 7-1, மொத்தத்தில் 11-1.

சரி, மூன்று பேர் சமமென்றால் பிக் 12 விதி என்ன சொன்னது? ஏழு படிகள் இருந்தன. மூவரும் தங்களுக்குள் ஆடியதில் யார் மேல் என்பது முதல் படி. அப்புறம் டிவிஷனுக்குள் யார் கணக்கு நன்றாக இருக்கிறது, டிவிஷனில் அடுத்தடுத்த இடத்தில் இருக்கும் அணிகளோடு எப்படி ஆடினார்கள், மூவருக்கும் பொதுவான கான்ஃபரன்ஸ் எதிரிகளோடு எப்படி ஆடினார்கள். இந்த நான்கும் கைவிட்டால் ஐந்தாவதாக பி.சி.எஸ். என்ற தேசியத் தரவரிசை. அதற்கும் கீழே மொத்த வெற்றி விகிதம், கடைசியில் சீட்டுக் குலுக்கல்.

பட்டியலைப் பார்த்தால் நாலைந்து வடிகட்டி வைத்த கவனமான விதி மாதிரி தெரியும். ஆனால் 2008 நிலவரத்துக்கு முதல் நான்கு படிகளும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. மூன்று அணிகளும் தோற்றது தலா ஒரே ஒரு ஆட்டம், அதுவும் இந்த மூவருக்குள்ளேயே. அப்படியானால் தங்களுக்குள் எல்லோரும் 1-1. டிவிஷனில் எல்லோரும் 4-1. அடுத்த இடங்களில் இருந்த ஓக்லஹோமா ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், பெய்லர் என்று யாரை எடுத்தாலும் மூவரும் ஜெயித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து மூவரும் பொதுவாகச் சந்தித்தது கேன்சஸை மட்டும்தான், அதையும் மூவரும் ஜெயித்திருந்தார்கள். இந்த மூவர் வட்டத்துக்கு வெளியே ஒரு தோல்விகூட இல்லாதபோது வெளியே தேடும் எந்தப் படியாலும் இவர்களைப் பிரிக்க முடியாது. கடைசி வார ஆட்டங்களுக்கு முன்பே, மூவரும் ஜெயித்தால் ஐந்தாம் படிதான் என்று தாளில் போட்டுப் பார்த்தே சொல்லியிருக்கலாம். அதுதான் நடந்தது.

அந்தக் காலத்து பி.சி.எஸ். தரவரிசை மூன்று சம பங்குகளின் கூட்டு. ஒன்று ஹாரிஸ் வாக்கெடுப்பு (முன்னாள் வீரர்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோர் வாக்களிப்பது), இன்னொன்று பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு, மூன்றாவது ஆறு கணினித் தரவரிசைகளின் சராசரி. கடைசி வாரத்துக்கு முன் டெக்சஸ் இரண்டாம் இடம், ஓக்லஹோமா மூன்று. நவம்பர் 29 அன்று ஓக்லஹோமா, நல்ல அணியான ஓக்லஹோமா ஸ்டேட்டை அவர்கள் ஊரில் போய் 61-41 என்று ஜெயித்தது. டெக்சஸோ, டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 49-9 என்று அடித்திருந்தது, ஆனால் அந்த வருடம் ஏ அண்ட் எம் பலவீனமான அணி. மறுநாள் பட்டியலில் இடங்கள் மாறிவிட்டன. மனித வாக்குகளில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், கணினிகளில் ஓக்லஹோமா முந்தியது. 65-21 என்ற பெரிய வித்தியாசம்தான் காரணம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த வித்தியாசம் வாக்களித்த மனிதர்கள் மனத்தில் வேலை செய்திருக்கலாம். கணினிகளில் செய்திருக்க முடியாது, ஏனென்றால் 2001 சீசனுக்குப் பிறகு அவை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று பி.சி.எஸ். தடுத்துவிட்டது. கணினிகள் பார்த்தது எதிரியின் தரத்தை. ஓக்லஹோமா கான்ஃபரன்ஸுக்கு வெளியே டி.சி.யு., சின்சினாட்டி என்ற இரண்டு வலுவான அணிகளை ஜெயித்திருந்தது. சின்சினாட்டி அந்த வருடம் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் சாம்பியன். டெக்சஸின் வெளி ஆட்டங்கள் ஃப்ளோரிடா அட்லாண்டிக், யுடெப், ரைஸ், ஆர்கன்சா. இந்த வெளி ஆட்டங்களைப் பல வருடம் முன்பே ஒப்பந்தம் போட்டு முடிவு செய்வார்கள். ஒரு டிவிஷனின் சார்பாளரை, அந்த டிவிஷனுக்கே சம்பந்தமில்லாத ஆட்டங்களும் சேர்ந்து தீர்மானித்தன என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது.

ஆனால் எந்த அளவுகோலை வைத்தார்கள் என்பதைவிட முக்கியமான ஒன்று விதிக்குள் ஒளிந்திருக்கிறது, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். மூன்று பேரைப் பிரிக்க ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். மேலே இருப்பவனை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. கீழே இருப்பவனைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள இருவருக்கு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குவது இன்னொன்று. பிக் 12 விதியில், எந்தப் படியிலாவது இரண்டு அணிகள் மட்டும் மிஞ்சினால் அவர்கள் மோதிய ஆட்டமே முடிவு செய்யும் என்று இருந்தது. ஆனால் ஐந்தாம் படியின் வாசகம், தரவரிசையில் மேலே இருக்கும் அணியே சார்பாளர் என்று நேராக முடித்துவிட்டது. அங்கே யாரும் கழிக்கப்படவில்லை, இருவர் மிஞ்சும் நிலையே வரவில்லை. அதே தரவரிசையை வைத்துக் கீழிருந்து கழித்திருந்தால் டெக்சஸ் டெக் முதலில் போயிருக்கும், டெக்சஸும் ஓக்லஹோமாவும் மிஞ்சியிருக்கும், 45-35 பேசியிருக்கும். அளவுகோல் ஒன்று, எண்கள் ஒன்று, வந்திருக்கும் அணி மட்டும் வேறு.

அன்றைய எஸ்.இ.சி. விதி கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. தரவரிசையில் முதலில் நிற்பவருக்கும் அடுத்தவருக்கும் ஐந்து இடத்துக்குள்தான் இடைவெளி என்றால் தரவரிசையை விட்டுவிட்டு அந்த இருவரின் நேரடி ஆட்டத்தைப் பார் என்றது அது. ஓக்லஹோமா இரண்டு, டெக்சஸ் மூன்று என்று அடுத்தடுத்து இருந்ததால், எஸ்.இ.சி. விதிப்படி டெக்சஸ் போயிருக்கும். இது அப்போதே பரவலாகப் பேசப்பட்டது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும், நெட் ரன் ரேட் மாதிரி ஒன்று இங்கே இருந்திருந்தால் என்ன என்று போட்டுப் பாருங்கள். மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம்: ஓக்லஹோமாவுக்கு 10 புள்ளித் தோல்வி, 44 புள்ளி வெற்றி, ஆக கூட்டல் 34. டெக்சஸுக்கு 10 கூட்டல், 6 கழித்தல், ஆக கூட்டல் 4. டெக்குக்கு 6 கூட்டல், 44 கழித்தல், ஆக கழித்தல் 38. மேலிருந்து எடுத்தால் ஓக்லஹோமா. கீழிருந்து கழித்தால் டெக் வெளியே, பிறகு நேரடி ஆட்டம், டெக்சஸ் உள்ளே. முற்றிலும் வேறு அளவுகோல், அதே பிளவு. எங்கள் உள்ளூர் லீக் விதிகளில் நான் முதலில் சண்டை போடுவது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். எந்த அளவுகோல் என்று எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், அதை மேலிருந்தா கீழிருந்தா எப்படிப் பிரயோகிப்பது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது எது உறுதி, எது விவாதத்துக்கு உரியது என்று பிரித்துவிடுகிறேன். பிக் 12 தன் விதியை மீறவில்லை என்பது உறுதி. யாரும் கடைசி நேரத்தில் உட்கார்ந்து ஓக்லஹோமாவைத் தேர்ந்தெடுக்கவில்லை, சீசன் தொடங்கும் முன்பே எழுதியிருந்த படிகளின்படி நடந்தது. இன்னொன்றும் உறுதி: மூன்று அணிகளும் 2008 தெற்கு டிவிஷனின் கூட்டு முதலிடமாகவே பதிவில் இருக்கின்றன, டைபிரேக்கர் தீர்மானித்தது கேன்சஸ் சிட்டியில் நடந்த இறுதிப் போட்டிக்கு யார் போவது என்பதை மட்டும். ஓக்லஹோமா அங்கே மிசூரியை 62-21 என்று ஜெயித்தது, பிறகு தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் 24-14 என்று தோற்றது. டெக்சஸ், பௌல் என்று சொல்லப்படும் சீசன் முடிவுச் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா பௌலில் ஒஹாயோ ஸ்டேட்டை 24-21 என்று ஜெயித்தது.

எந்த அணி உண்மையில் சிறந்தது என்பதை எந்த விதியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டெக்சஸ் ரசிகர் 45-35 என்பார், அதுவும் பொது மைதானத்தில் என்பார். சரிதான். டெக்சஸ் டெக் ரசிகர் 39-33 என்பார், அவருக்கும் அதே உரிமை இருக்கிறது. நேரடி ஆட்டம்தான் தர்மம் என்றால் அந்த தர்மம் லபக்கிலும் செல்லுபடியாக வேண்டும். ஓக்லஹோமா ரசிகர், நாங்கள் தோற்றது அக்டோபரில், நவம்பரில் எங்களை நிறுத்த ஆளில்லை என்பார். என் தீர்ப்பு என்று கேட்டால், கீழிருந்து கழிக்கும் முறையே மேல். அது டெக்சஸுக்குச் சாதகமாக வந்திருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தின் முடிவைப் பயன்படுத்த வாய்ப்பு இருக்கும்போது, வாக்குகளையும் கணினிகளையும் அதற்கு மேலே வைக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் அதிலும் டெக்குக்கு நியாயம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வட்டமாக நிற்கும் மூவரில் ஒருவரை அனுப்பும் எந்த முறையும், ஒரு அணியை அது ஜெயித்த அணிக்குக் கீழே வைத்தே தீரும்.

எழுதப்பட்ட விதி இல்லாமல் போனால் இதைவிட மோசம். 1973-இல் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் கடைசி ஆட்டத்தில் 10-10 என்று டிரா செய்தன, பிக் டென் என்ற அவர்களுடைய கான்ஃபரன்ஸில் இரண்டும் சமம். ரோஸ் பௌலுக்கு யார் போவது என்று கான்ஃபரன்ஸின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்குப் போட்டு ஒஹாயோ ஸ்டேட்டை அனுப்பினார்கள். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃப்ராங்க்ளின் அந்த ஆட்டத்தில் காறை எலும்பை முறித்துக்கொண்டது வாக்களித்தவர்கள் மனத்தில் இருந்தது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மிச்சிகன் அந்த வருடம் எந்த பௌல் ஆட்டமும் இல்லாமல் வீட்டில் இருந்தது. 2008 முடிவு எனக்குப் பிடிக்காவிட்டாலும், அதை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது என்பதை நான் மதிக்கிறேன்.

டிவிஷன் டைபிரேக்கரை ஜெயித்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் பிக் டென் கிழக்கில் பென் ஸ்டேட்டும் ஒஹாயோ ஸ்டேட்டும் 8-1 என்று சமம். பென் ஸ்டேட் நேரடி ஆட்டத்தை 24-21 என்று ஜெயித்திருந்ததால் இறுதிக்குப் போய், விஸ்கான்சினை 38-31 என்று ஜெயித்து கான்ஃபரன்ஸ் சாம்பியனும் ஆனது. தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃபின் நான்கு இடங்களில் ஒன்று போனதோ ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. அதைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழு, அந்தக் குழுவுக்கு டிவிஷன் விதிகள் எதுவும் பொருட்டல்ல.

இன்றைக்கு உங்கள் மகன் பார்க்கப்போவது வேறு உலகம். டிவிஷன்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 5-3 எடுத்த மிசூரி இறுதியில் ஆட, 7-1 எடுத்த இரண்டு அணிகள் வெளியே நின்றது போன்ற கோணல்களுக்கு டிவிஷன் பிரிப்பே ஒரு காரணம். 2022-இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் பெரிய கான்ஃபரன்ஸ்கள் ஒவ்வொன்றாக டிவிஷனைக் கைவிட்டு, மொத்தப் பட்டியலில் முதல் இரண்டு அணிகளை இறுதிக்கு அனுப்பத் தொடங்கின. சன் பெல்ட் கான்ஃபரன்ஸ் 2025-இலும் வைத்திருந்தது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2024-இல் எஸ்.இ.சி.க்கு மாறிவிட்டன, அங்கே 16 அணிகள், ஒரே பட்டியல்.

இதனால் டைபிரேக்கர் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பு சமமாக நின்றவர்கள் ஒரே டிவிஷனில் இருந்ததால் கட்டாயம் ஒருவரோடொருவர் ஆடியிருப்பார்கள். இப்போது ஆடாமலேயே சமமாக நிற்கலாம். 2025-இல் எஸ்.இ.சி.யில் ஜார்ஜியா, அலபாமா, டெக்சஸ் ஏ அண்ட் எம், ஓல் மிஸ் நான்கும் 7-1. இதில் ஏ அண்ட் எம் மற்ற மூவரில் ஒருவரோடுகூட மோதவில்லை. இறுதிக்குப் போனவை ஜார்ஜியாவும் அலபாமாவும். எஸ்.இ.சி. படிகள் தோராயமாக இந்த வரிசையில் போகின்றன: நேரடி ஆட்டம், பொது எதிரிகளோடு கணக்கு, பட்டியலில் மேலே இருக்கும் பொது எதிரியோடு கணக்கு, நீங்கள் சந்தித்த எதிரிகளின் மொத்த கான்ஃபரன்ஸ் வெற்றி விகிதம், பிறகு உச்சவரம்பு வைத்த புள்ளி வித்தியாசம், கடைசியில் குலுக்கல். தேசியத் தரவரிசை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள், அது எனக்குப் பிடித்த மாற்றம். எதிரிகளின் வெற்றி விகிதம் என்ற படி மட்டும் கொஞ்சம் கொடுமையானது. உங்கள் கையில் இல்லாத அட்டவணையும், உங்களுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு அணிகள் கடைசி சனிக்கிழமை இரவு ஆடும் ஆட்டமும் அதை மாற்றிவிடும்.

இந்த விதிகளைக் கான்ஃபரன்ஸ்கள் சீசனுக்கு சீசன் திருத்துகின்றன, ஆகவே நான் சொன்ன வரிசையை வைத்துப் பந்தயம் கட்டவேண்டாம். நவம்பர் தொடங்கும்போது அந்த வருடத்து விதியைக் கான்ஃபரன்ஸ் தளத்தில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பல அணிச் சமநிலைக்கென்று ஒரு பகுதி தனியாக இருக்கும். அதில் ஒரு அணி பிரிந்ததும் மீதி அணிகளுக்கு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா, நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டுமா என்று சொல்லும் வரியை முதலில் தேடட்டும்.